எழுத மறுத்த கை

ஊசியில் நூல் கோக்க முடிகிறது. சட்டைப் பித்தான் போட முடிகிறது. வெங்காயம் நறுக்கவும் பூட்டில் சாவி திருப்பவும் குழந்தைக்குத் தலை வாரிவிடவும் அந்தக் கை சொன்னபடி கேட்கிறது. பேனாவை எடுத்துக் காகிதத்தில் வைத்ததும்தான் வினை தொடங்குகிறது. ஆள்காட்டி விரல் உள்ளே மடங்குகிறது, கட்டைவிரல் பேனாவை நசுக்கிவிடுவதுபோல அழுத்துகிறது, மணிக்கட்டு வளைந்து மேலே தூக்கிக்கொள்கிறது. இரண்டு வரி தாண்டுவதற்குள் எழுத்து கிறுக்கலாகி, முன்கை இறுகி நின்றுவிடுகிறது. பேனாவைக் கீழே வைத்தால் கை பழையபடி நல்ல கை. ஆங்கிலத்தில் ரைட்டர்ஸ் கிராம்ப் என்று அழைக்கப்படும் இந்த நோயை எழுத்துப் பிடிப்பு என்று சொல்லலாம். எழுதிப் பிழைத்தவர்களையும், பிறகு தந்தியடித்துப் பிழைத்தவர்களையும் ஐரோப்பாவில் 300 ஆண்டுகளாக இது வாட்டியிருக்கிறது. அந்தக் காலம் முழுவதும் மருத்துவம் பெரும்பாலும் ஒரே கேள்வியைத்தான் திருப்பித் திருப்பிக் கேட்டது: கோளாறு கையிலா, மனத்திலா? கையிலிருந்து மூளைக்குப் போகும் உணர்வு என்ற மூன்றாவது இடத்தை யாரும் நெடுநாள் தேடவில்லை. அங்கே போகச் சொல்லும் தடயங்கள் தொடக்கத்திலிருந்தே கண்முன் கிடந்தன. அவற்றைக் காணாமல் போனதற்கு அறியாமை ஒரு பாதிக் காரணம். இந்த நோய்க்கு யார் பொறுப்பு என்ற வழக்கு நோயைப் பற்றிய கேள்வியையே விழுங்கிவிட்டது மறுபாதிக் காரணம் என்பது என் வாதம்.

முதல் சாட்சி இத்தாலியிலிருந்து வருகிறது. மொடெனாவிலும் பிறகு பாதுவாவிலும் பேராசிரியராக இருந்த பெர்னார்தினோ ராமாத்சினி, தொழிலாளர்களின் நோய்களைப் பற்றி 1700இல் ஒரு நூல் எழுதினார். நோயாளியிடம் வழக்கமாகக் கேட்கும் கேள்விகளோடு, என்ன தொழில் செய்கிறீர்கள் என்பதையும் கேளுங்கள் என்று சக மருத்துவர்களுக்குச் சொன்னவர் அவர். அந்த நூலின் விரிவான பதிப்பு 1713இல் வந்தபோது எழுத்தர்களையும் பத்திரம் எழுதுவோரையும் பற்றிய பகுதி ஒன்றைச் சேர்த்தார். அவர்களுடைய உபாதைக்கு மூன்று காரணங்களைக் காட்டினார்: நாள் முழுதும் உட்கார்ந்தே இருப்பது, கை ஓயாமல் ஒரே திசையில் ஓடுவது, பிழை வந்துவிடக்கூடாதே என்று மனம் விறைத்து நிற்பது. அவர் அறிந்த பத்திர எழுத்தர் ஒருவருக்கு முதலில் வலக்கையில் அசதி வந்தது. எந்த மருந்துக்கும் அது அடங்கவில்லை. கடைசியில் கை முற்றிலும் விழுந்துவிட்டது. மனிதர் சளைக்காமல் இடக்கையால் எழுதப் பழகினார். கொஞ்ச நாளில் அதையும் அதே நோய் பிடித்துக்கொண்டது. இந்தக் கடைசிச் செய்தியை மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். நோய் வெறும் தசைச் சோர்வு என்றால், பல வருடங்கள் ஓய்வாக இருந்த இடக்கை இவ்வளவு சீக்கிரம் ஏன் வீழ்ந்தது? ராமாத்சினியின் பக்கத்திலேயே இருந்த இந்தக் கேள்விக்குப் பதில் தேட நரம்பியலுக்கு 288 ஆண்டுகள் ஆயின.

19ஆம் நூற்றாண்டில் பழி பேனாவின் மேல் விழுந்தது. பர்மிங்காம் பட்டறைகளில் எஃகு நிப்புகள் லட்சக்கணக்கில் செய்யப்பட்டு வந்த காலம் அது. வாத்து இறகுப் பேனா வளைந்து கொடுக்கும், எஃகு வளைந்து கொடுக்காது, அதனால்தான் இங்கிலாந்தின் அரசு அலுவலகங்களில் குமாஸ்தாக்களின் கை கெடுகிறது என்று பேசிக்கொண்டார்கள். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் ராமாத்சினியின் பத்திர எழுத்தர் இறகால் எழுதியவர். எஃகு நிப்பு இல்லாத தொழில்களிலும், தையற்காரிகளிடமும் வயலின் வாசிப்போரிடமும் பால் கறப்போரிடமும் கூட, இதே பிடிப்பு பின்னர் பதிவாயிற்று.

இங்கே கொஞ்சம் நின்று பார்க்க வேண்டியவர் ஸ்காட்லாந்து அறுவை மருத்துவர் சார்லஸ் பெல். 1830இல் வெளியான தம் நரம்பு மண்டல நூலில், எழுதும் செயல் மட்டும் கெட்டுப்போனவர்களைப் பற்றி அவர் குறிப்பிடுகிறார். எழுத்துகள் கோணல்மாணலாக வரும், ஆனால் அதே கையில் வாள் சுழற்றும் வலிமை குறையாமல் இருக்கும். அதற்கு 4 ஆண்டுகளுக்கு முன், 1826இல், தசைகளையும் மூளையையும் இணைக்கும் நரம்பு வட்டத்தைப் பற்றி அவர் ஒரு கட்டுரை வெளியிட்டிருந்தார். மூளையிலிருந்து தசைக்கு ஆணை கொண்டுபோக ஒரு நரம்பு இருந்தால் போதாது, தசை எந்த நிலையில் இருக்கிறது என்ற செய்தியை மூளைக்குத் திருப்பிக் கொண்டுவர இன்னொரு நரம்பு வேண்டும், இரண்டும் சேர்ந்த வட்டம் முழுமையாக இருந்தால்தான் அசைவு நடக்கும் என்பது அதன் சாரம். அவர் சொல்லும் ஒரு தாயின் கதை மறக்க முடியாதது. பால் கொடுத்துக்கொண்டிருந்தபோது அவளுக்கு வாதம் வந்து உடலின் ஒரு பக்கம் வலிமை போயிற்று, மறு பக்கம் உணர்வு போயிற்று. வலிமை மிஞ்சியிருந்த, உணர்வற்ற கையால் அவளால் குழந்தையை மார்போடு அணைத்துப் பிடிக்க முடிந்தது, ஆனால் குழந்தையைப் பார்த்துக்கொண்டிருக்கும் வரைதான். கவனம் வேறெங்காவது போனால் கை மெல்லத் தளரும், குழந்தை நழுவப் பார்க்கும். தசையில் குறை ஒன்றும் இல்லை. கை என்ன செய்துகொண்டிருக்கிறது என்ற சேதி மூளைக்கு வராததுதான் குறை. அந்த இடத்தைக் கண் நிரப்பியது, கண் விலகியதும் கை அவளுடையதாக இல்லாமல் போயிற்று.

நரம்பு வட்டத்தை வகுத்தவரும் எழுத்துப் பிடிப்பைப் பதிவு செய்தவரும் ஒரே மனிதர். ஒரு நூலில் நோய், இன்னொரு கட்டுரையில் அதன் விளக்கத்துக்கான சாவி. இரண்டையும் அவர் சேர்த்துப் பார்க்கவில்லை. அவருக்குப் பின் வந்தவர்களும் பெரும்பாலும் சேர்க்கவில்லை. லண்டன் செயின்ட் தாமஸ் மருத்துவமனையின் சாமுவேல் சாலி 1864இல் எழுத்தர் வாதம் பற்றி விரிவுரைகள் தந்தார். வில்லியம் கவர்ஸ் 1888இல் வந்த தம் பெரிய கையேட்டில் இவற்றையெல்லாம் தொழில் நியூரோசிஸ் என்ற தலைப்பின் கீழ்த் திரட்டினார். விரலாலும் மணிக்கட்டாலும் எழுதாமல் தோளிலிருந்து கையை ஓட்டி எழுதுங்கள் என்று அவர் சொன்ன யோசனை பயனுள்ளது. சுருக்கெழுத்தில் பெரும் பற்றுள்ள அவர், எழுதும் கையை நெருக்கமாகக் கவனித்தவர். அவர் காலத்தில் நியூரோசிஸ் என்ற சொல் நரம்பின் இயக்கக் கோளாறு என்ற பொருளில்தான் வழங்கியது. அடுத்த தலைமுறையில் அந்தச் சொல் மனநோயின் பெயராக மாறியது. சொல்லின் பொருள் மாறியபோது, ஒரு நோயாளி கூட இடம் மாறாமலேயே, நோய் முழுவதும் நரம்பு மருத்துவரின் அறையிலிருந்து மனநல மருத்துவரின் அறைக்குக் குடிபெயர்ந்துவிட்டது.

இந்தக் குடிபெயர்ப்பில் தந்திக்குப் பெரும் பங்கு உண்டு. மோர்ஸ் சாவியை மேலும் கீழும் தட்ட வேண்டும். குறுகத் தட்டினால் புள்ளி, நீளத் தட்டினால் கோடு. 'எஸ்' எழுத்துக்கு மூன்று புள்ளி, 'எச்' எழுத்துக்கு நான்கு. ஒரு புள்ளி கூடினாலும் குறைந்தாலும் எழுத்தே மாறிவிடும். நாள் முழுதும் ஆயிரக்கணக்கில் இந்தத் தட்டல்கள், ஒவ்வொன்றுக்கும் நொடியின் சிறு துண்டுதான் அவகாசம். இந்த வேலையில் கை மட்டும் உழைப்பதில்லை. விரல் நுனியில் சாவி திரும்பி எழும் உணர்வும் காதில் விழும் ஒலியும் அடுத்த தட்டலை ஓயாமல் சரிசெய்துகொண்டே இருக்கின்றன. 1870களிலேயே பிரான்சில் ஓனிமுஸ் இந்த நோயைத் தந்தி நோய் என்று பெயரிட்டு விவரித்துவிட்டார். அமெரிக்கத் தந்தியாளர்கள் தங்களுக்குள் இதைக் கண்ணாடிக் கை என்று சொன்னார்கள். அமெரிக்கரான ஹோரஸ் மார்ட்டின் 1904இல் காப்புரிமை பெற்ற விப்ரோபிளெக்ஸ் கருவியில் நெம்புகோலை ஒரு பக்கம் சாய்த்துப் பிடித்தால் அதிரும் வில் ஒன்று புள்ளிகளைத் தானே போட்டுக்கொண்டு போகும். மேல்கீழ்த் தட்டலுக்குப் பதில் பக்கவாட்டு அசைவு. பழைய சாவியில் கை போனவர்கள் பலர் இதில் மீண்டும் வேலை பார்த்தார்கள். அதே கை, அதே விரல்கள், அனுப்பப்பட்டதும் அதே எழுத்துகள். கருவியைத் தொடும் விதம் மாறியதும் பிடிப்பு விலகியது. ஆய்வுக்கூடம் எதுவும் தேவைப்படாத இந்தச் சோதனையைத் தொழிலாளர்களே செய்து முடித்திருந்தார்கள்.

பிரிட்டனில் தந்தித் துறை 1870இல் அரசின் தபால் துறைக்குக் கீழ் வந்தது. தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம் 1906இல் விரிவானது. 1908இல் தந்தியாளர் பிடிப்பு இழப்பீட்டுக்குரிய நோய்களின் பட்டியலில் சேர்க்கப்பட்டது. இப்போது கேள்வியின் முகமே மாறிவிட்டது. கையில் என்ன நடக்கிறது என்று கேட்டவர்கள், வேலையால் வந்ததா, ஆளால் வந்ததா என்று கேட்கத் தொடங்கினார்கள். தபால் துறை அமைத்த குழு 1911இல் தந்த அறிக்கை இரண்டு காரணங்களைச் சொன்னது. ஒன்று, நுணுக்கமான அசைவுகளை ஓயாமல் செய்வதால் வரும் களைப்பு. இன்னொன்று, ஊழியரிடம் உள்ள நரம்புத் தளர்ச்சி. இரண்டையும் சம எடையில் வைத்த அந்த வாக்கியத்தில் கனம் போகப் போக இரண்டாவது பக்கம் சாய்ந்தது. தொழிற்களைப்பு ஆராய்ச்சி வாரியத்துக்காக மே ஸ்மித், மில்லைஸ் கல்பின், எரிக் ஃபார்மர் ஆகிய மூவரும் 1927இல் வெளியிட்ட ஆய்வு, பிடிப்பு வந்த தந்தியாளர்களிடம் பதற்றம், அச்சம் போன்ற மனநோய்க் கூறுகள் மற்றவர்களைவிட அதிகம் என்று கண்டது. அவர்கள் கண்டதில் பொய் ஏதும் இருந்ததாக நான் நினைக்கவில்லை. ஆனால் பிழைப்புக்கு ஆதாரமான கை ஒவ்வொரு நாளும் காலை வாரிவிடும்போது, மேலதிகாரி பக்கத்திலேயே நின்று தவறுகளை எண்ணும்போது, ஒருவர் பதற்றமில்லாமல் இருந்தால்தான் வியப்பு. நோய் வருவதற்கு முன் அவர்கள் எப்படி இருந்தார்கள் என்பதை ஒரு முறை மட்டும் எடுத்த கணக்கால் சொல்ல முடியாது. விளைவைக் காரணமாக எண்ணும் வழி அங்கே திறந்தே கிடந்தது, பலரும் அந்த வழியில் போனார்கள். பின்னர் தட்டச்சுத் தந்திப் பொறிகள் வந்து மோர்ஸ் சாவியை ஓரங்கட்டின. புரிந்துகொள்ளப்படுவதற்கு முன்பே நோயாளிகள் ஓய்வுபெற்றுப் போனார்கள்.

மனத்தின் பக்கம் சாய்ந்தவர்கள் கையில் வைத்திருந்த வலுவான ஆதாரம் ஒரு விரல் தொடுதல். கழுத்து தானாக ஒரு பக்கம் திருகிக்கொள்ளும் நோயாளிகளைப் பற்றி 1890களில் பாரிசில் எழுதிய எதுவார் பிரிஸோ, அவர்கள் தாடையில் ஒரு விரலை லேசாக வைத்தால் கழுத்து நேராகிவிடுவதைக் கவனித்தார். இரண்டு கைகளாலும் பிடித்து இழுத்தாலும் அசையாத கழுத்து, ஒரு விரல் பட்டதும் நேரே நிற்கிறது. விரலுக்கு அந்த வலிமை கிடையாது. அப்படியானால் தடையும் உண்மையானதல்ல, எல்லாம் மனத்தின் வேலை என்பது அவர் தர்க்கம். நோய்க்கு மனக் கழுத்துத் திருகல் என்றே பெயர் வைத்தார். அவர் மாணவர் ஆன்றி மேய்ஜும் ஃபாந்தலும் 1902இல் எழுதிய நூலில் இதே கருத்தை வளர்த்தார்கள். எழுத்துப் பிடிப்பிலும் இதே போன்ற தந்திரங்கள் உண்டு. சிலர் மறு கையின் விரலை எழுதும் மணிக்கட்டில் வைப்பார்கள், சிலர் பேனாவைத் துணி சுற்றித் தடிமனாக்குவார்கள். விரலின் பலம் பற்றிய கணக்கில் பிரிஸோ தவறவில்லை. தொடுதல் என்பது பலம் மட்டுமே என்று எடுத்துக்கொண்டதுதான் பிழை. தொடுதல் ஒரு செய்தி. தாடை எங்கே இருக்கிறது என்ற செய்தி தோல் வழியாக மூளைக்குப் போகிறது, மூளை தன் கணக்கைத் திருத்திக்கொள்கிறது. பெல்லின் வட்டத்தை நினைவில் வைத்திருந்த ஒருவர் இதைப் பார்த்திருந்தால், இதோ வட்டத்தின் மறுபாதி என்று சொல்லியிருப்பார். அதே சான்று, மறந்தவர்களின் கையில், நோயாளிக்கு எதிரான சாட்சியமாயிற்று.

அடுத்த அரை நூற்றாண்டை வேகமாகக் கடக்கலாம். பேனாவிலிருந்து வெள்ளைத்தாளில் மை வழிவது மறைமுகமாகப் பாலுறவின் பொருளை ஏற்றுவிட்டால் கை எழுதுவதையே நிறுத்திவிடும் என்று ஃபிராய்ட் 1926இல் எழுதினார். 1955இல் மான்செஸ்டரில் லிவர்சிட்ஜும் சில்வெஸ்டரும், பேனாவை அளவுக்கு மீறி அழுத்தினால் மின்னதிர்ச்சி தரும் கருவியைக் கொண்டு நோயாளிகளைப் பழக்கினார்கள். சிலருக்குக் குணம் தெரிந்தது. விரல் எவ்வளவு அழுத்துகிறது என்ற, உள்ளிருந்து சரியாக வராத செய்தியை அந்தக் கருவி வெளியிலிருந்து கொடுத்தது என்று இன்று அதை வாசிக்கத் தோன்றுகிறது. அன்று அதைக் கெட்ட பழக்கத்துக்கான தண்டனையாகத்தான் வகுத்தார்கள்.

திருப்பம் 1976இல் தொடங்குகிறது. உடல் முழுவதும் முறுக்கிக்கொள்ளும் ஒரு நோய்க்கு பெர்லினில் ஹெர்மன் ஓப்பன்ஹைம் 1911இலேயே டிஸ்டோனியா என்று பெயரிட்டிருந்தார். அதுவும் நெடுங்காலம் ஹிஸ்டீரியாவோடு சேர்த்துப் பேசப்பட்டது. லண்டன் நரம்பியலாளர் டேவிட் மார்ஸ்டன், கண்ணிமை இறுகுவது, கழுத்து திருகுவது, எழுதும் கை பிடித்துக்கொள்வது மூன்றும் அதே டிஸ்டோனியா உடலின் ஒரே இடத்தில் ஒதுங்கி நிற்கும் வடிவங்கள் என்று வாதிட்டார். 1982இல் அவரும் ஷீஹியும் 'பிரெயின்' இதழில் எழுத்துப் பிடிப்பு நோயாளிகளை முறையான மனநலக் கேள்விப் பட்டியலால் ஆராய்ந்த முடிவை வெளியிட்டார்கள். பொதுமக்களிடம் காணப்படுவதைவிட அவர்களிடம் மனக்கோளாறு கூடுதலாக இல்லை. ஒரு குழுவையும் அதற்கிணையான மாதிரியையும் ஒப்பிட்டு எண்ணிப் பார்த்த எளிய வேலைதான் இது. அதுவே பல பத்தாண்டு நம்பிக்கையை அசைத்துவிட்டது.

ஆனால் மனத்திலிருந்து மூளைக்கு இடம் மாற்றியதோடு விஷயம் தீரவில்லை. மூளையின் எந்த வேலை கெட்டது? இங்கேதான் உணர்வு திரும்பி வருகிறது. தசைக்குள் நூல் போன்ற நுண்ணிய உணர்கருவிகள் உண்டு. தசை எவ்வளவு நீண்டிருக்கிறது, எவ்வளவு வேகமாக நீள்கிறது என்று அவை ஓயாமல் மூளைக்குச் சொல்லிக்கொண்டிருக்கின்றன. 1995இல் ஜப்பானில் ரியூஜி காஜியும் உடன் பணியாற்றியவர்களும் இரண்டு விஷயங்களைக் காட்டினார்கள். உள்ளங்கையிலோ முன்கைத் தசைநாணிலோ அதிர்வுக் கருவியை வைத்து அந்த உணர்கருவிகளைக் கிளறினால், பேனாவே இல்லாமல், அந்த நோயாளிக்கே உரிய பிடிப்பு வருகிறது. மாறாக, அந்தத் தசையில் லிடோகெய்ன் என்ற மரப்பு மருந்தை நீர்த்து ஊசியாகப் போட்டு, தசையின் வலிமை குறையாதபடி உணர்வுச் செய்தியை மட்டும் தணித்தால், பிடிப்பு தளர்ந்து எழுத்து மேம்படுகிறது. கையின் வலிமையும் மனத்தின் எண்ணமும் அப்படியே இருக்கின்றன. நடுவில் ஓடும் செய்தியைக் கூட்டியதும் குறைத்ததும் மட்டுமே மாற்றம். எந்தப் பக்கம் இருந்து பார்த்தாலும் இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியவில்லை.

1996இல் கலிஃபோர்னியாவில் நான்சி பில், மைக்கேல் மெர்செனிக், வில்லியம் ஜென்கின்ஸ் மூவரும் ஆந்தைக் குரங்குகளை ஒரு கைப்பிடியைத் திரும்பத் திரும்ப இறுக்கித் திறக்கப் பழக்கினார்கள். கொஞ்ச நாளில் குரங்குகளின் கை தடுமாறத் தொடங்கியது. மூளைப் புறணியின் தொடு உணர்வுப் பகுதியைப் பார்த்தபோது, ஒரு நரம்பு செல் பொறுப்பேற்கும் தோல் பரப்பு வழக்கத்தைவிட 10 முதல் 20 மடங்கு விரிந்திருந்தது. ஒரு விரலுக்கு மட்டும் பதில் சொல்ல வேண்டிய செல் பல விரல்களுக்குச் சேர்த்துப் பதில் சொன்னது. விரல்களுக்கிடையிலான வரப்பு அழிந்து வயல்கள் ஒன்றாகிவிட்டன என்று சொல்லலாம். 1998இல் தாமஸ் எல்பர்ட் குழு இசைக்கலைஞர்களிடமும், அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனத்தில் மார்க் ஹாலட் குழு எழுத்துப் பிடிப்பு நோயாளிகளிடமும் விரல்களின் இடங்கள் மூளையில் நெருங்கியோ ஒழுங்கு கெட்டோ கிடப்பதைக் கண்டன. 2001இல் சபின் மெனியேவின் ஆய்வு இன்னொரு படி போனது. எழுதாத, நோயில்லாத கைக்குரிய வரைபடமும் ஒழுங்கற்று இருந்தது. பதில் தேடி 288 ஆண்டுகள் என்று முன்பு கணக்கிட்டது இதைத்தான். ராமாத்சினியின் பத்திர எழுத்தரின் இடக்கை ஏன் அவ்வளவு விரைவில் வீழ்ந்தது என்பதற்கு, அவர் எழுதத் தொடங்கும் முன்பே அவர் மூளையில் ஒரு சாய்வு இருந்திருக்கக்கூடும் என்பது நியாயமான ஊகம். டப்ளினில் மைக்கேல் ஹட்சின்சன் குழுவின் ஆய்வுகள் இதற்கு வலு சேர்க்கின்றன. அடுத்தடுத்து வரும் இரண்டு தொடுதல்களை அல்லது ஒளிப்பொட்டுகளை இரண்டாகப் பிரித்தறிய டிஸ்டோனியா உள்ளவர்களுக்குக் கூடுதல் இடைவெளி தேவைப்படுகிறது. நோயே இல்லாத அவர்களுடைய நெருங்கிய உறவினர்கள் சிலரிடமும் இதே தாமதம் இருக்கிறது.

இந்த வரைபடக் கதைக்கு வலுவான மறுப்பு உண்டு, அதை மறைப்பது நேர்மையல்ல. அன்னா சட்னிக்காவும் அவருடன் பணியாற்றியவர்களும் 2023இல் 'பிரெயின்' இதழில், டிஸ்டோனியா உள்ள இசைக்கலைஞர்களின் மூளையை இன்னும் நுட்பமான பகுப்பாய்வு முறையில் படமெடுத்துப் பார்த்து, ஒவ்வொரு விரலுக்குமான வடிவங்கள் ஆரோக்கியமானவர்களிடம் இருப்பது போலவே பிரிந்து தெளிவாக இருப்பதாகத் தெரிவித்தார்கள். வரப்பு அழிந்தது என்ற படிமம் மனிதர்களுக்கு அப்படியே பொருந்தாமல் போகலாம். குரங்குகளின் எண்ணிக்கையும் மிகக் குறைவு. இதனால் என் வாதம் சரிகிறதா என்று யோசித்தால், இல்லை என்றே படுகிறது. வரைபடம் உணர்வுக் கோளாறுக்கு ஒரு விளக்கம் மட்டுமே. அதிர்வும் லிடோகெய்னும் காட்டியது, விரல் தொடுதல் காட்டியது, பக்கவாட்டுத் தந்திச் சாவி காட்டியது எதுவும் வரைபடத்தை நம்பி நிற்கவில்லை. டிஸ்டோனியா உள்ள சில பியானோ கலைஞர்கள் மெல்லிய ரப்பர் உறையை மாட்டிக்கொண்டால் அவர்கள் விரல் கொஞ்சம் நேராகிறது. கட்டை அதே கட்டை, ராகம் அதே ராகம், தோலில் படும் உணர்வு மட்டும் புதிது. கோளாறு வரைபடத்தில் இல்லையென்றால், வரும் உணர்வை அந்தக் குறிப்பிட்ட செயலின் ஆணையோடு பொருத்தும் இடத்தில் தேட வேண்டும். சாவி திருப்பும்போது நல்லபடி இருக்கும் கை, எழுதும்போது மட்டும் கெடுவதை இந்த வழி இன்னும் நன்றாகவே விளக்குகிறது.

அடுத்த மறுப்பு மனத்தைப் பற்றியது. டிஸ்டோனியா வரும் இசைக்கலைஞர்களிடம் பதற்றமும், குறையே இருக்கக்கூடாது என்ற பிடிவாதமும் அதிகம் என்று ஹனோவரில் யபுஷும் அல்டென்மியூலரும் 2004இல் காட்டியிருக்கிறார்கள். தொழில்முறை இசைக்கலைஞர்களில் ஏறக்குறைய 1 விழுக்காட்டினரை இந்நோய் தாக்குவதாக அவர்கள் துறையில் கணிக்கிறார்கள். அப்படியானால் 1911இன் குழு சொன்னது சரிதானே? பாதி சரி. பயத்தில் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை என்று நம் பேச்சே சொல்கிறது. மனம் இறுகினால் பிடி இறுகும், ஒரே அசைவை ஆயிரம் தடவை திருப்பிச் செய்ய வைக்கும். ஆனால் மனம் அங்கே வேலை செய்வது உணர்வும் அசைவும் ஓடும் அதே வட்டத்துக்குள் புகுந்துதான். மனம் ஒரு காரணம் என்று சொல்வதும், நோய் மனத்தில் இருக்கிறது என்று சொல்வதும் வேறு வேறு. முதலாவது நோயாளியைப் புரிந்துகொள்ள உதவுகிறது. இரண்டாவது அவரை இழப்பீட்டிலிருந்து விலக்க உதவியது.

அந்தக் கால மருத்துவர்களிடம் மூளையைப் படமெடுக்கும் கருவி இல்லை, அவர்களைக் குறை சொல்வது பின்புத்தி என்று கேட்கலாம். கருவி இல்லாததால் கண்டுபிடிக்க முடியாமல் போனவை உண்டு. வரைபடத்தை அவர்கள் பார்த்திருக்க முடியாது. ஆனால் 1826இன் நரம்பு வட்டம் அச்சில் இருந்தது. இடக்கைக்குத் தாவிய நோய் அச்சில் இருந்தது. தாடையைத் தொட்ட விரல், சாவியை மாற்றியதும் மீண்ட கை, எல்லாம் அவர்கள் பார்த்தவை, சில அவர்களே எழுதியவை. அவற்றைச் சேர்த்து வைக்க ஒரு மேசை போதும். தசையா, மனமா என்ற கேள்விக்குப் பின்னால் வேலையா, ஆளா என்ற கேள்வி நின்றதால், இரண்டுக்கும் நடுவே உள்ளதைக் கேட்க யாருக்கும் அவசியம் எழவில்லை என்பதுதான் எனக்குத் தோன்றும் விடை. தசைக்குப் பின்னால் தொழிலாளர் இருந்தார், மனத்துக்குப் பின்னால் துறை இருந்தது. உணர்வுக்குப் பின்னால் வழக்காட எவரும் இல்லை.

இன்று இறுகும் தசையில் போட்டுலினம் நச்சை மிகச் சிறிய அளவில் ஊசியாகப் போடுகிறார்கள். அது தசையைத் தளர்த்துவதோடு தசைக்குள் இருக்கும் உணர்கருவிகளின் செய்தியையும் குறைக்கிறது என்பதற்குச் சான்றுகள் உள்ளன. சில மாதங்களில் அதன் வேகம் தீர்ந்து மறுபடி போட வேண்டியிருக்கும். அளவு கொஞ்சம் கூடினால் பேனா பிடிக்கும் வலிமையே போய்விடும். கண்ணை மூடிக்கொண்டு பொருள்களைத் தடவி அடையாளம் காண்பது போன்ற உணர்வுப் பயிற்சிகளை பில்லும் மற்றவர்களும் முயன்றார்கள், பலன் ஆளுக்கு ஆள் மாறுகிறது. டோக்கியோவில் தாகாஓமி தாய்ரா மூளையின் தாலமஸ் பகுதியில் ஒரு சிறு புள்ளியைச் சுட்டு எழுத்துப் பிடிப்பைத் தீர்க்கும் அறுவையை வளர்த்தெடுத்தார். நோயாளி விழித்திருப்பார், மேசையில் படுத்தபடியே எழுதிக் காட்டுவார். பெங்களூரில் 2017இல் ஒரு கிதார் கலைஞர் அறுவை நடக்கும்போதே கிதாரை மீட்டினார். எந்த விரலில் பிடிப்பு விலகுகிறது என்பதை மருத்துவர்கள் அந்த மீட்டலிலிருந்தே அறிந்துகொண்டார்கள்.

பிரிட்டனின் தொழில் நோய்ப் பட்டியலில் இந்த நோய்க்கு இன்றும் இடம் உண்டு, வரிசை எண் ஏ4. முன்பு அந்த வரியில், திரும்பத் திரும்பச் செய்யும் அசைவுகளால் கையிலோ முன்கையிலோ வரும் பிடிப்பு என்றிருந்தது. இப்போது செயல் சார்ந்த டிஸ்டோனியா என்று மாறியிருக்கிறது. எழுத்தரும் தட்டச்சரும் அதன் கீழ் உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கலாம். அந்த உதவித்தொகை ஊதியத்துக்கு வேலை பார்ப்பவர்களுக்கு மட்டும்தான். இசைக்குழுவில் நிரந்தர வேலை இல்லாமல், மேடைக்கு மேடை சொந்தப் பொறுப்பில் வாசிக்கும் பியானோ கலைஞரின் நான்காவது விரல் ஒரு நாள் மடங்கிக்கொண்டால், அந்தப் பட்டியலில் அவருக்கு இடம் கிடையாது.